முதலில் கை கழுவட்டும்

யார் எது சொன்னாலும் தலையாட்டுகிற ரகம் இல்லை நான். சித்தூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நர்ஸாக இருந்தபோது அதனாலேயே எனக்கு வாயாடி என்று பெயர்.

பங்காருபாளையத்து மாம்பழம் லாரி லாரியாக வந்து, ஊருக்கு வெளியே புதிதாக முளைத்த ஃபேக்டரிகளில் கூழாகி, டின்னில் அடைபட்டு வெளிநாடு போக ஆரம்பித்த வருஷங்கள் அவை. எங்கள் டாக்டரின் தம்பி அமெரிக்காவிலிருந்து சர்க்கரை பார்க்கும் மீட்டர் ஒன்று கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதை டாக்டர் வேறு யாரையும் தொடவிடமாட்டார்.

ஒரு மத்தியானம், ஃபேக்டரியில் பழம் சீவுகிற பெண் ஒருத்தி மயங்கி விழுந்துவிட்டாள் என்று ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். டாக்டர் அவள் விரலை ஸ்பிரிட் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் குத்தினார். மீட்டர் நானூற்று எண்பது காட்டியது. உடனே இன்சுலின் போடச் சொன்னார்.

நான் அவளைப் பார்த்தேன். அரை மயக்கத்தில் இருந்தாள். உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்து, கை நடுங்கியது. சர்க்கரை இறங்கினால்தான் இப்படி ஆகும். குத்திய விரலில் ஈ வந்து உட்கார்ந்தது. நகக்கண்ணெல்லாம் மஞ்சள், கையெல்லாம் மாம்பழப் பிசுக்கு. மீட்டர் காட்டியது அந்தப் பிசுக்கின் சர்க்கரையாக இருக்கலாம். சர்க்கரை ஏற்கெனவே இறங்கியிருந்தால் அந்த ஊசி அவளைக் கொன்றுவிடும்.

"ஊசி போடமாட்டேன் சார். முதல்ல இவங்க கைய கழுவணும்."

அமெரிக்க மெஷினைவிட உனக்கு அதிகம் தெரியுமா, நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்று தெலுங்கில் கத்தினார். போனால் போகட்டும் என்று சிரிஞ்சைத் தட்டில் வைத்தேன். சோப்பும் சொம்புத் தண்ணீரும் கொண்டுவந்து நகக்கண் வரை தேய்த்துக் கழுவித் துடைத்தேன். அவருடைய மீட்டரை நானே எடுத்து வேறு விரலில் குத்தினேன். நாற்பத்தாறு.

சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தேன். கால்மணி நேரத்தில் தெளிந்து எழுந்து உட்கார்ந்தாள். கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

"நேத்து ராத்திரி துன்னது. காலைலேர்ந்து பழம் சீவிக்கினே இருந்தேன். ஒரு துண்டு வாயில வெச்சாலும் வேலைய விட்டு அனுப்பிடுவாங்க."

டாக்டர் மேஜையில் அதே ஃபேக்டரி முதலாளி அனுப்பிய பழக்கூடை இருந்தது. அதிலிருந்து பெரியதாக ஒன்றை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்க நறுக்கி அவளிடம் கொடுத்தேன். கொட்டை வரை சப்பித் தின்றாள். முழங்கை வரை வழிந்தது. கழுவிக்கொள் என்று நான் சொல்லவில்லை.