எட்டாவது கேமராவுக்குச் சந்தனம்

மலேசியாவில் சுங்காய் ஊருக்குப் பக்கத்துக் காட்டில் தினேஸ்வரி மூன்று வருடமாக ஒரு விலங்கைத் தேடிக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் மேகத் திட்டு போட்ட, மரமேறும் சிறுத்தை. மலாய்க்காரர்கள் ஹரிமாவ் டாஹான் என்பார்கள். இதுவரை கிடைத்தவை இரண்டு காலடித் தடம், மரப்பட்டையில் ஆறு நகக் கீறல். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் கணினிச் சில்லுகளைச் சோதித்த கண் அவளுடையது; கீறல் தப்பாது. படம்தான் ஒன்றுகூட இல்லை.

"இந்தத் தடவையும் படம் இல்லனா கேமராவெல்லாம் வேற காட்டுக்குப் போயிடும்க்கா" என்று சொல்லிவிட்டார் ஆய்வை நடத்தும் அமீரா.

விலங்கு வந்தால் தானே படமெடுக்கும் கேமராக்களை மரங்களில் கட்டுவதற்கு முதல் நாள் ஆயுத பூசை. லோரி ஓட்டும் அண்ணன் அர்ச்சுனன், லோரிக்கும் ஸ்பேனருக்கும் பொட்டு வைத்த கையோடு, எட்டுக் கேமராக்களுக்கும் லென்ஸ் கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனப் பொட்டு வைத்தார். தினேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு எட்டையும் துடைத்தாள். அவள் குளிக்கப் போனதும், அழித்த பொட்டோடு அனுப்ப அண்ணனுக்கு மனம் வரவில்லை. மீந்திருந்த சந்தனம் ஒன்றுக்குத்தான் காணும். மேலே இருந்த எட்டாவதற்குக் கெட்டியாக வைத்துப் பெட்டியை மூடினார்.

மறுநாள் மழை, அட்டைக்கடி. அவசரத்தில் மரத்தில் கட்டியபோது அவளும் பார்க்கவில்லை.

நாற்பது நாள் கழித்து அவளும் அமீராவும் அவள் வீட்டிலேயே உட்கார்ந்து கேமரா கார்டுகளைத் திறந்தார்கள்; அண்ணனும் கூட இருந்தார். ஏழு கார்டில் காட்டுப்பன்றி, குரங்கு, மூட்டையோடு ஒரு டுரியான் திருடன். எட்டாவதைத் திறந்தால் ஒரே மஞ்சள் மூட்டம்.

"அண்ணே! என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"பொட்டு அழிஞ்சு கிடந்துச்சுலா. பன்னீர் ஊத்திக் குழைச்சு வச்சேன்."

"மூணு வருஷ வேலைண்ணே!"

அண்ணன் முகம் சுருங்கிப்போனது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படங்களைத் தள்ளினாள். மஞ்சள். மஞ்சள். மூன்றாம் நாள் காலைப் படத்தில் மஞ்சளுக்கு நடுவே ஏதோ சிவப்பாக வந்தது.

"நாக்குக்கா! அது நாக்கு!" அமீரா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

அடுத்ததில் இன்னும் பெரிய நாக்கு. அடுத்ததில் பாதி மீசை. காலை ஏழு பன்னிரண்டுக்குக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது: மேகத் திட்டு ஒன்று விடாமல், நீள வாலோடு, ஹரிமாவ் டாஹான் பக்கவாட்டில் நின்று திரும்பிப் பார்த்தது. மூக்கு நுனியில் சந்தனம்.

தினேஸ்வரி வீல் என்று கத்தினாள். அமீராவைக் கட்டிப்பிடித்துக் குதித்ததில் மேசையிலிருந்த தே தாரிக் டீ கொட்டியது.

"கேமரா ஒன்னுகூட எங்கேயும் போகாதுக்கா!"

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். "பாத்தியா? மூக்குலயும் நட்டநடுவுலதான் இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "அடுத்த தடவ எட்டுக்கும் வச்சிரட்டா?"

"எதிர் மரத்துல வைங்கண்ணே! கேமராவத் தொட்டீங்க, கையை ஒடிச்சிருவேன்!"