இரண்டு புட்டிக் கடல்

நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கியவருக்கு எங்கள் மீனவக் குப்பத்துப் பகை தெரியாது. தெரிந்திருந்தால் என் அப்பாவுக்கும் அவருடைய பரம்பரை விரோதிக்கும் எதிரெதிர் வாசல் கொடுத்திருக்க மாட்டார். பகைக்குக் காரணம் ஒரு காணாங்கெளுத்திக் கூட்டம். என் தாத்தா முதலில் பார்த்த மீனை அவர்கள் தாத்தா வலை போட்டு அள்ளிவிட்டாராம். அந்த மீனைத் தின்றவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பகை மட்டும் கெட்டுப்போகாமல் இருந்தது. கடலை விட்டு மைன்ஸ் வேலைக்கு வந்த இரண்டு அப்பாக்களும் ஒரே ஷிப்ட், ஒரே பஸ். முகத்தை மட்டும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

நான் எதிர்வீட்டுப் பையனைப் பார்த்தேன். வெட்கமென்ன, நன்றாகவே பார்த்தேன். அவன் சைக்கிளுக்குத் தினமும் எங்கள் வாசலில்தான் செயின் கழன்றது.

பிளாக் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஊர் வழக்கப்படி நானும் அவனும் கடல் தண்ணீரில் கை வைத்து, ‘எங்களுக்குள் ஒன்றுமில்லை’ என்று சத்தியம் செய்ய வேண்டுமென்று அப்பாக்கள் முடிவு செய்தார்கள். அதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. ஆனால் ஒருவர் கொண்டுவரும் கடலை மற்றவர் நம்பவில்லை. வார விடுமுறையில் தனித்தனி பஸ்ஸில் ஊருக்குப் போய், ஆளுக்கொரு புட்டி பிடித்து வந்தார்கள்.

உண்மையைச் சொன்னால் மறுநாளே ஊரில் மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். பொய் சொன்னாலோ, கடல் சும்மா விடாது. ஊரில் என் அண்ணன் அப்போதும் கட்டுமரத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். அதனால் சத்தியம் செய்ய வேண்டிய நாள் காலையில் அப்பா குளிக்கப் போனதும் புட்டியைத் துவைக்கிற கல்லில் கவிழ்த்தேன். குழாய்த் தண்ணீர் பிடித்து, கல்லுப்பு இரண்டு பிடி போட்டேன். குழாயிடம் பொய் சொல்லலாம், அது யாரையும் மூழ்கடித்ததில்லை.

இரண்டு வாசலுக்கும் நடுவே கூடினோம். அப்பாவுக்குச் சந்தேகம். எதிராளியின் புட்டியைத் திறந்து நாக்கில் விட்டுத் துப்பினார்.

“இது கடலாய்யா? கொழாத் தண்ணியில உப்பப் போட்டுகினு வந்து ஏமாத்துறியா?”

எதிர்வீட்டுக்காரர் எங்கள் புட்டியை எடுத்து வாயில் ஊற்றினார். “ஒன்னுது மட்டும் இன்னாவாம்? இத வெச்சி ரசம் வெக்கலாம்!”

பிறகு இருவரும் அவரவர் புட்டியை ருசி பார்த்தார்கள். மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினார்கள். அவன் தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தான். நாங்கள் பேசிவைத்துச் செய்யவில்லை. இதை நிஜக் கடலிலேயே கை வைத்துச் சொல்வேன்.

“கடலுகிட்ட பொய் சொல்லப் பயந்துகினு, ரெண்டும் தண்ணிய மாத்திடுச்சிங்க,” என்றார் அவன் அப்பா.

என் அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் புட்டியைக் கீழே வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“பயம் இருக்குதில்ல?” என்றார் விரோதியைப் பார்த்து. “அப்ப நம்ம புள்ளைங்கதான்யா.”

அந்த இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ‘நம்ம’ என்று ஒருவர் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை. அழுதுவிட்டேன்.