எடைமேடைக் கம்ப்யூட்டருக்கு வைத்தியம்

‘அமைதியானவர், மேலதிகாரிகளின் சொல்லைக் கேள்வியின்றி ஏற்று நடப்பவர்’ என்று பொன்னேரியில் ஒரு கணினிப் பயிற்சி மையம் பர்ஹானாவுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்திருந்தது. கையெழுத்துப் போட்டவர் அவளுக்கு ஒரு வகுப்புகூட எடுத்தவரில்லை. எடுத்தவர்கள் அவள் கேட்ட கேள்விகளுக்குத் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டவர்கள்.

அந்தச் சான்றிதழை நம்பித்தான் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கும் ஆலையொன்று அவளை எடைமேடையில் உட்காரவைத்தது. லாரி மேடையில் ஏறும்; எடை கம்ப்யூட்டரில் தெரியும்; சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் 2006 மழைக்காலத்தில், எடை திரைக்கு வருவதற்குள் டிரைவர் இறங்கி டீ குடித்து, அவளை ஒரு பாட்டம் திட்டிவிட்டு ஏறவும் நேரமிருந்தது. லாரி வரிசை மெயின் ரோட்டைத் தொட்டது.

மேனேஜர் மோகன்ராஜ் மருந்தோடு வந்தார். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி. குப்பையைப் பெருக்கி வேகத்தைக் கூட்டும் மென்பொருள் என்று உறையில் போட்டிருந்தது. ஓடவிட்டதும் திரையெல்லாம் சிவப்பு, நூற்றுக்கணக்கில் பிழைகள். பிறர் பிழையென்றால் மோகன்ராஜுக்குப் பாயசம்.

“பாத்தியாமா? இவ்ளோ தப்பை வச்சிக்கினு உக்காந்துகினு இருந்துருக்க.”

“இதெல்லாம் நான் பண்ண தப்பா சார்?”

“பின்ன, லாரிக்காரனா வந்து பண்ணான்?”

எல்லாவற்றையும் சரிசெய்தார்கள். வேகம் இன்னும் குறைந்தது. மறுநாள் அதே மென்பொருள் அதே அளவு பிழைகளைப் புதிதாகக் கண்டுபிடித்தது. மருந்தில் குறையிருக்க முடியாது என்பது மோகன்ராஜின் கட்சி. ஆகவே குறை நாற்காலியில் இருப்பவளிடம்.

“சனிக்கெழமைக்குள்ள வேகம் வரலைன்னு வை, ஸ்கிராப் யார்டுக்கு மாத்திடுவேன்.”

ஸ்கிராப் யார்டு என்றால் மழையில் நனைந்தபடி துருப்பிடித்த இரும்பைத் தரம் பிரிப்பது.

வெள்ளிக்கிழமை அவர் சாப்பிடப் போன நேரத்தில் பர்ஹானா அந்த சிடியை அவருடைய அறைக் கம்ப்யூட்டரில் போட்டாள். பாலிதீன் உறைகூட முழுதாகப் பிரிக்காத புது மெஷின். அதுவரை அதில் நடந்த ஒரே அலுவல் சீட்டாட்டம். மென்பொருள் அதற்கு இரு மடங்கு பிழை சொன்னது.

“என் மெஷின்ல இன்னாமா பண்ற?” ஏப்பம் பாதியில் நிற்க, மோகன்ராஜ் வாசலில் நின்றார்.

“வைத்தியம் சார். உங்களுதுக்குத்தான் நோவு ஜாஸ்தி.”

“போன வாரம் டப்பாலேர்ந்து எடுத்ததுமா அது!”

“அதான் சார் கேக்குறேன். இது பொய் சொல்லுதா, இல்ல சீட்டாடியே கெட்டுப்பூட்ச்சா?”

இரண்டில் எதை ஒப்புக்கொண்டாலும் வம்பு. “சனிக்கெழமைன்னா சனிக்கெழமை” என்று முடித்துக்கொண்டார்.

பர்ஹானா திரும்பிவந்து, முதல்முறையாகத் தன் மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். சிபியுவின் காற்றுத் துளைகளைக் காணோம். ஆயுத பூஜை தோறும் எல்லா மெஷினுக்கும் சந்தனம் பூசுவது வாட்ச்மேன் சடையப்பன். சிபியுவுக்கு முகம் எது என்ற சந்தேகம் வந்தபோது, துளை இருக்கும் பக்கமே முகம் என்று அவர் தீர்மானித்திருந்தார். வருஷக்கணக்கில் சந்தனம், அதன்மேல் துருத்தூள். கல்லாக இறுகிக் கிடந்தது. உள்ளே இருந்த சூடு வெளியேற வழியில்லாமல்தான் மெஷின் மந்தமாகியிருந்தது.

“நான் தொட்டா பேச்சாவும். நீயே சுரண்டுண்ணே” என்று அவரையே கூப்பிட்டாள்.

“பூஜை சந்தனம்மா. அடுத்த பூஜை வரைக்கும் தொடக்கூடாது.”

“அதுவரைக்கும் அது மூச்சு வுட வேணாமா? உன் மூக்கை அடைச்சா கேட்ல நிப்பியா?”

சடையப்பன் மூக்கைத் தடவிப் பார்த்தார். “முன்னாடியே சொல்லியிருந்தா நெத்தியில வச்சிருப்பேனே” என்று முனகியபடி கரண்டிக் காம்பால் சுரண்டினார். ஒர்க்‌ஷாப் கம்ப்ரெசர் குழாயை இழுத்துவந்து பர்ஹானா உள்ளே காற்றடித்தாள். இருவரும் சிவப்பாகத் தும்மினார்கள்.

சனிக்கிழமை லாரி நின்றதும் எடை வந்தது. டீ குடிக்க நேரமில்லை என்று டிரைவர்கள் முணுமுணுத்தார்கள்.

மோகன்ராஜ் மானிட்டரைத் தட்டிக்கொடுத்தார். “பாத்தியா? மருந்துன்னா ஒடம்புல ஊற ரெண்டு நாள் ஆவும். நீ இங்கியே இரு.” அப்படியே பக்கத்து ஆலை மேனேஜருக்குப் போன் போட்டு, அந்த மென்பொருளைக் காசு கொடுத்தாவது வாங்கச் சொன்னார்.

பர்ஹானா அதை முந்தின நாள் சாயங்காலமே இரண்டு கம்ப்யூட்டர்களிலிருந்தும் நீக்கியிருந்தாள்.