பூச்சியக் கோப்பை ஒட்டமாட்டேன்

எங்கள் அலுவலகத்தில் எந்த வெப்சைட்டையும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்கள். வெள்ளவத்தையில் துணிக்கடை ஒன்றின் மேல்மாடி அது. புதுவேலை வந்ததும் முதலில் பழைய கோப்பு ஒன்றை, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல் ஷீட்டின் தலையில் ஒட்டவேண்டும். பிரவுசர் தானாகக் கொடுக்கும் தோற்றத்தை அது துடைத்துவிடும். தலைப்பு பெரிதாக இராது, பந்திகளுக்கிடையே இடைவெளி இராது, பட்டியலுக்குப் புள்ளி இராது. எல்லாம் பூச்சியம், அதனால் எங்களுக்கு அது பூச்சியக் கோப்பு. பிறகு ஒவ்வொன்றாக நாங்களே திரும்ப எழுதவேண்டும்.

சேர்ந்த புதிதிலேயே கேட்டேன். "ஏன் அண்ணா, துடைச்சுப்போட்டு அதையே திரும்ப எழுதுறம்?"

டீம் லீட் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு மாதிரிக் காட்டும், தங்கச்சி. அதுகளை நம்பேலாது."

"அது அந்தக் காலம். இப்ப அவ்வளவு வித்தியாசம் இல்லையே."

"நீ முதல்ல ஒட்டு. பிறகு கதைப்பம்."

ஒட்டினேன். கதைப்பதையும் விடவில்லை.

அப்போதுதான் கொட்டாஞ்சேனைக் கல்யாண மண்டபம் ஒன்றின் சைட் வந்தது. மூன்று மொழிகள். நான் தனியாகச் செய்யும் முதல் வேலை. பூச்சியக் கோப்பை ஒட்டவில்லை. பக்கத்தைச் சுற்றிப் பிரவுசர் விடும் வெள்ளை ஓரத்தை மட்டும் எடுத்தேன், ஏனென்றால் அது ஏன் வேண்டாம் என்று எனக்குத் தெரியும். நல்லதாக இருந்ததை எல்லாம் இருக்க விட்டேன்.

லீட் பார்த்துவிட்டார். "மண்டபத்து முதலாளி வரேக்க அந்தக் கோப்பு இதில இருக்கோணும். இல்லாட்டி வேலையை வேற ஆளுக்குக் குடுப்பன். நீ பழையபடி பேனர் படம் வெட்டலாம்."

"ஒட்டமாட்டன் அண்ணா."

காலையில் வந்து பார்த்தால் அவரே ஒட்டியிருந்தார். முற்பதிவுக்கு ஒரு பட்டனும் சேர்த்திருந்தார். பக்கத்தைச் சரிபார்க்க எங்கள் இடத்தில் எப்போதும் பொருளற்ற இங்கிலீஷ் வரிகளைத்தான் நிரப்புவார்கள். தமிழும் சிங்களமும் கடைசி நாளில்தான் உள்ளே வரும். இங்கிலீஷில் எல்லாம் கச்சிதமாக இருந்தது; அன்றுதான் உள்ளே போன மற்ற இரண்டையும் யாரும் திறந்து பார்க்கவில்லை.

முதலாளி வந்தார். கதிரையில் இருக்கமுன்னமே தன் போனில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தார்.

"என்னா தம்பி, மண்டபத்து பேருக்கு தலைய காணோம்?"

எட்டிப் பார்த்தேன். தலைப்பின் மேற்சுழிகள் எல்லாம் சீவப்பட்டிருந்தன. இரண்டாவது வரி முதல் வரியின் காலை மிதித்துக்கொண்டிருந்தது. அவர் சிங்களப் பக்கத்துக்குப் போனார்.

"பரவால்ல, அங்கயும் வெட்டிதான் வச்சிருக்கீங்க. சமமா நடத்துறீங்க."

காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. பூச்சியக் கோப்பு வரியின் உயரத்தை எழுத்தின் அளவுக்கே இறுக்கிவிடும். இங்கிலீஷ் அதற்குள் அடங்கும். மேலும் கீழும் சுழிக்கும் எங்கள் எழுத்துகள் அடங்காது. பேனர் பெட்டியோ வெளியே வழிந்ததை மறைத்துவிட்டது. அந்தப் பூச்சியத்தை அளந்தவர் மனதில் தமிழே இருந்திருக்காது.

லீட் என் காதருகே குனிந்தார். "அந்த ஒரு நம்பரை மட்டும் மாத்து."

"ஏலாது அண்ணா. கோப்பையே எடுக்கிறன்."

முதலாளிக்கு முன்னாலேயே எடுத்தேன். பக்கம் மறுபடி திறந்தது. எழுத்துகளுக்குத் தலை முளைத்தது.

"ஆ, இப்பதான் நம்ம மண்டபம்," என்றார் முதலாளி. "அது சரி, இந்த பட்டன் ஏன் இப்புடி சாம்பலா கெடக்கு?"

லீட்டின் முகத்தில் வெளிச்சம். "பாத்தியா? பிரவுசரை நம்பினா இதுதான்."

கோப்பு போனதும் பட்டனுக்குப் பிரவுசரின் சாம்பல் நிறம் திரும்பியிருந்தது; எழுத்தும் வேறாக, சின்னதாக இருந்தது. சொல்லாவிட்டால் பட்டன் பக்கத்தின் எழுத்துருவை எடுக்காது என்பது எனக்குத் தெரியாது. தேடி வாசித்தேன். எழுத்தைப் பக்கத்திடமிருந்தே எடு என்று ஒரு வரி, நிறத்துக்கு ஒரு வரி. பட்டன் வரிசைக்கு வந்தது.

"இது தெரியாமல் இருந்தனான் அண்ணா. இப்ப தெரியும். தெரிஞ்சதுக்கு மட்டும் எழுதுவன்."

முதலாளி போனபின் லீட் கதிரையை என் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார்: "சரி, இந்த சைட் உன்ர. உடைஞ்சாலும் நீதான் திருத்தோணும்."

"ஓம்."

அடுத்து பாமன்கடைப் பல் வைத்தியர் ஒருவரின் வேலை வந்தது. லீட் அனுப்பிய கோப்புறையைத் திறந்தேன். ஸ்டைல் ஷீட்டின் தலையில் அதே பூச்சியக் கோப்பு, ஒட்டியபடி. கைப்பையைக்கூடக் கழற்றி வைக்கவில்லை. நின்றபடியே அழித்தேன்.

"நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்," என்றார் லீட் பின்னாலிருந்து.

"பாருங்கோ," என்றேன்.