ஹாஃப் சிஸ்டர்

மூன்றாம் வகுப்பில் எங்கள் இங்கிலீஷ் மிஸ் ஆளுக்கொரு சொல்லைப் பிரித்துக் கொடுத்தார். அந்தச் சொல்லில் தொடங்கும் கூட்டுச்சொற்கள் பத்தைத் தேடிக்கொண்டு வந்து, சரியாக உச்சரித்து, பொருளும் சொல்ல வேண்டும். நன்றாகச் சொல்கிறவர்கள் ஆண்டுவிழா மேடையில் ஏறலாம். பக்கத்தில் இருந்தவளுக்கு 'பிளாக்' கிடைத்தது, இன்னொருத்திக்கு 'கோல்டு'. எனக்கு 'ஹாஃப்'. போயும் போயும் பாதியா என்று அழுதுகொண்டே புதுச்சேரி முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் அக்கா. அவள் அப்பாவின் முதல் மனைவிக்குப் பிறந்தவள். அந்த அம்மா காய்ச்சலில் போன பிறகுதான் அப்பா என் அம்மாவைக் கட்டிக்கொண்டார். அக்கா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை என் அம்மாவை 'அம்மா' என்று கூப்பிட்டுவிட்டாளாம். "உன்னப் பெத்தவ போய்ச் சேந்துட்டா, என்னை சித்தின்னு கூப்புடு" என்று அம்மா திருத்தினாளாம். இதை என்னிடம் சொன்னவளும் அம்மாதான், அதுவும் சிரித்துக்கொண்டே. தீபாவளிக்கு எனக்கு நேரு வீதிக் கடையில் துணி எடுப்பார்கள், அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தட்டை எடுப்பாள். அப்பாவுக்குப் பெரிய மார்க்கெட்டில் வெங்காய மண்டி. அங்கே அவர் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். வீட்டில் வாயைத் திறக்க மாட்டார்.

அக்கா அப்போது பன்னிரண்டாவது முடித்திருந்தாள். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும் என்று ஆசை. பாத்திரம் துலக்கிக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தாள்.

"ஹால்ஃப் இல்லடி, ஹாஃப். நடுவுல எல் இருக்கும், ஆனா பேசாது."

ஹாஃப் டிக்கெட் என்றால் பஸ்ஸில் எனக்கு எடுப்பது. ஹாஃப் மாஸ்ட் என்றால் பெரிய மனிதர் செத்தால் கொடியைக் கம்பத்தின் பாதிக்கு இறக்குவது. ஹாஃப் ஹார்ட்டட் என்றால் மனமில்லாமல் செய்வது, அதில் 'ஹார்ட்'டைத்தான் அழுத்த வேண்டும். ஹாஃப் பாயிலை நான்தான் சொன்னேன். அது நம்ம ஊர் இங்கிலீஷ், மிஸ் ஒத்துக்க மாட்டாங்க என்று தள்ளிவிட்டாள். பத்தாவதாக வந்தது ஹாஃப் சிஸ்டர்.

"இதுல முன்னாடி இருக்கிற ஹாஃபை அழுத்திச் சொல்லணும். அப்பா ஒண்ணு, அம்மா வேற வேற. நீயும் நானும் அதான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்துச் சொல்லில் ஒன்று எங்கள் வீட்டிலேயே இருக்கிறதே! கூடத்துக்கு ஓடி, "ஹாஃப் சிஸ்டர்! ஒரே அப்பா, வேற அம்மா!" என்று கத்திக் கத்திப் படித்தேன். அங்கே அப்பா செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, வடை தின்றுகொண்டிருந்தார். வெளிநாடு போகிறேன், போகிறேன் என்று சொல்லியே எந்த வேலையிலும் நிலைக்காத மனிதர்.

அம்மா சமையற்கட்டிலிருந்து விருட்டென்று வந்தாள். அடி நிச்சயம் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ஹாஃபும் இல்ல, கீஃபும் இல்ல. அவ என் பொண்ணு. அத மொதல்ல அடிச்சிடு."

சொல்லிவிட்டு அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, அவளுடைய ஈரக்கையில் ஒரு வடையையும் வைத்தாள். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்படி ஒரு காட்சியை எங்கள் வீட்டில் அதுவரை பார்த்ததில்லை.

சோழியன் குடுமி சும்மா ஆடாது. அக்காவைப் பெற்றவளின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அவர்களைச் 'சொல்தா' என்பார்கள். அந்த வழியில் அக்காவுக்குப் பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை. அவளைக் கட்டுகிறவன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே பிரான்சுக்குப் போய்விடலாம். இப்படிப்பட்ட பெண்ணுக்குப் புதுச்சேரியில் மாப்பிள்ளை வீட்டார்தான் சீர் செய்துகொண்டு வருவார்கள். அக்காவுக்குப் பதினெட்டு முடிந்ததுமே ஆட்கள் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது.

"அக்கா பொண்ணு மேல தாய்மாமனுக்கு இல்லாத உரிமையா?" என்று அம்மா மாமாவைக் காட்டி அப்பாவிடம் கேட்டாள். "எவனோ வந்து கொத்திக்கினு போறதுக்கா இவ்ளோ நாள் வளத்தேன்?"

வளர்த்தாளாம்! என் அம்மாவைப் பற்றி இப்படி எழுத எனக்கு ஒன்றும் ஆசையில்லை. ஆனால் அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அக்கா வடையைத் தின்னாமல் வைத்திருந்தாள். "நான் படிக்கணும் சித்தி."

"சித்தின்னு சொல்லாத. அம்மான்னு கூப்புடு."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மாமா இன்னொரு வடை எடுத்துக்கொண்டார்.

நான் ஹாஃப் சிஸ்டரை அடித்துவிட்டு ஹாஃப் மூன் என்று எழுதினேன். மேடையிலும் ஏறினேன். கைதட்ட வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. எல்லாரும் நேரு வீதியில் அக்காவுக்குப் பட்டு எடுக்கப் போயிருந்தார்கள். எனக்கு வருத்தமே இல்லை. அக்கா இனி முழு அக்கா, நேரு வீதி அக்கா என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமையும் அதிக நாள் நீடிக்கவில்லை. கோயிலில் தாலி ஏறியதும் அம்மா என்னை இழுத்து நிறுத்தி, "இனிமே அக்கா இல்ல, அத்தைன்னு கூப்புடணும்" என்றாள். மாமன் பெண்டாட்டி அத்தைதானே. தூதரகத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்தார்கள், விசாவும் வந்தது. காலாப்பட்டைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

சென்னை விமான நிலையத்துக்குப் போகக் கார் வந்த காலையில் தெருவே கூடி நின்றது. மாமா முதல் ஆளாக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அம்மா அந்தப் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு, "வேளாவேளைக்குச் சாப்புடு கண்ணு, குளுருல நிக்காத" என்று தேம்பித் தேம்பி அழுதாள். நான் பின்சீட்டு ஜன்னலுக்குள் தலையை விட்டு, "பாருக்கா, அம்மா உனக்காக எப்பிடி அழுவுது" என்றேன். அத்தை என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்கா முன்சீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"ஆமாண்டி" என்று சொல்லிச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அம்மா அழுகிற சந்தோஷத்தில் நானும் சேர்ந்து சிரித்தேன்.