அம்புலன்ஸ்காரரின் நித்திரை

சிவகுருநாதனுக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. அழவும் வராது. திருகோணமலை ஆஸ்பத்திரி அம்புலன்ஸின் பின்பக்கத்தில் நோயாளிக்குத் துணையாக உட்கார்ந்து போகிற ஓடலி அவர். இருபது வருஷமாக அந்த வேலையைப் பார்த்தவரின் குரல் தட்டையாகிப் போனதில் என்ன அதிசயம்? சோறு போடச் சொல்வதையும் ஆள் முடிந்துபோனதையும் ஒரே மாதிரித்தான் சொல்வார். "உங்களோட கதைக்கிறதும் ரேடியோவில சந்தை விலை கேக்கிறதும் ஒண்டுதான்" என்று அவர் மனைவி அன்னலட்சுமி கேலி செய்வாள். அதற்கும் அவர் சிரிக்கமாட்டார்.

வெள்ளைக்காரன் கடற்படை டொக்யாட்டை விட்டுப் போன காலத்தில் அம்புலன்ஸைக் கூப்பிட ஆளே இல்லை. அது மாமரத்தடியில் நிற்கும், கோழி உள்ளே ஏறி முட்டையிடும். அதில் ஏறினவன் உயிரோடு திரும்பமாட்டான் என்று சனத்துக்குப் பயம். பாம்பு கடித்தவனைக்கூட மாட்டுவண்டியில்தான் கொண்டுவந்தார்கள். பிறகு ஊர்த் தபாற்கந்தோர்களுக்கெல்லாம் டெலிபோன் வந்தது. அம்புலன்ஸில் போன பெண்கள் சிலர் பிள்ளையும் கையுமாகத் திரும்பி வந்தார்கள். பயம் தெளிந்துவிட்டது. எழுபதுகள் பிறந்தபோது டெலிபோனைக் கீழே வைக்க முடியவில்லை. பிரசவம், காய்ச்சல், பனையால் விழுந்தது, புருஷன் பெண்சாதி சண்டையில் மண்டை உடைந்தது, எல்லாவற்றுக்கும் அம்புலன்ஸ்தான். நெஞ்சு நோகுது என்று சொன்னால் உடனே வரும் என்பதைக் கண்டுபிடித்த ஒருவன், பல்லுக் கொதிக்கு அதையே சொல்லி, வெளுத்த சட்டையோடு ஏறி வந்து இறங்கினான். கேட்டால் ரெண்டும் பக்கத்தில்தானே என்றான். சனம் பெருகியது, அழைப்பும் பெருகியது. வண்டி மட்டும் அதே ஒன்றுதான். அதில் போகிறவர்களும் அதே இருவர், சிவகுருவும் கிண்ணியாவைச் சேர்ந்த சாரதி ஸஹாப்தீனும்.

ஏற்றிவருவதோடு வேலை முடியாது. இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று டொக்டர் கைவிட்டவர்களை வீட்டில் கொண்டுபோய் விடவும் வேண்டும். அப்படிப் போகும்போது வழியில் மூச்சு நின்றால் வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரிக்கே கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். பிறகு பொலிஸ், மரண விசாரணை, வெட்டுத் தையல் என்று இரண்டு நாள் போய்விடும்.

றுக்கியா என்ற பெண் அப்படிக் கைவிடப்பட்ட தன் தகப்பனைக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோன நாளில்தான் ஒரு பழக்கம் தொடங்கியது. அங்கே வாகனங்களைக் கடலின் குறுக்கே கடத்துகிற மிதவைக்குப் பாதை என்று பெயர். பாதைக்கு வந்து சேர முன்னமே அவரின் மூச்சு நின்றுவிட்டது. றுக்கியா அழவில்லை. தகப்பனின் உடலைக் காட்டி, சிவகுருவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாப்பாட மையித்த வெட்ட விட்டுடாதீங்க" என்றாள். அந்த நேரம் பார்த்து ஸஹாப்தீன் தன் ஆசனத்துக்குப் பின்னால் தடுப்பிலிருந்த சின்னச் சன்னலைத் திறந்தான்.

"ஆள் எப்படி?"

"நித்திரை" என்றார் சிவகுரு.

ஸஹாப்தீன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தான். விளங்கிக்கொண்டான். வண்டியைத் திருப்பவில்லை. பாதையில் நின்ற சனம் எட்டிப் பார்த்தபோது சிவகுரு இறந்தவரிடம் கதை கொடுத்தார். "இந்தா பாதையில ஏறிட்டம். இன்னும் கொஞ்சத் தூரம்தான்" என்றார். அதன்பிறகு எத்தனையோ பேர் அப்படி வீடு போய்ச் சேர்ந்தார்கள். நித்திரை என்றால் ஆள் முடிந்தது, வீட்டுக்கு விடு என்று அர்த்தம். அதை இருவரும் ஒருநாளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

அன்னலட்சுமி வடக்கே திரியாயில் வயலோடு இருந்தாள். சின்ன வயதிலேயே இருதய வருத்தம். கொஞ்சம் வேகமாக நடந்தால் மூச்சு இழுக்கும். சிவகுரு திருகோணமலை டவுனில், ஓர்ஸ் ஹில்லில் ஓர் அறையில் தங்கி, லீவு கிடைத்தால் பஸ்ஸில் போய்ப் பார்த்துவருவார். அழைப்புகள் கூடக் கூட லீவு குறைந்துகொண்டே போனது.

அன்று அவர் நித்திரை கொண்டு இரண்டு நாளாகியிருந்தது. வண்டி மூதூர்ப் பக்கம் போய் மத்தியானம் திரும்பியபோது, டெலிபோன் எடுக்கிற ஞானசேகரம் வாசலில் நின்றார்.

"அண்ணை, காலமை திரியாயில இருந்து கோல் வந்தது. வண்டி வெளியில எண்டு சொன்னனான். பேந்தும் எடுத்தவை. அன்னலட்சுமி எண்டு பேர் சொல்லுகினம். உழவு மெசினில ஏத்திக் குச்சவெளிக்குக் கொண்டு வருகினமாம்."

சிவகுரு இறங்கவே இல்லை. "எடு, ஸஹாப்தீன்" என்றார், சோறு கேட்கிற அதே குரலில்.

இடைவழியிலிருந்த குச்சவெளி மருந்தகத்தில் அவள் சாய்ந்து உட்கார்ந்தபடி காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். புருஷனைக் கண்டதும் கையை நீட்டினாள். அப்போதிக்கரி ஐயா ஊசி போட்டுவிட்டு, "இனிக் கொஞ்சம் அடங்கும், நித்திரை கொள்ளுவா. ஆனா வைச்சிருக்க ஏலாது. பெரிய ஆஸ்பத்திரியில ஒட்சிசன் குடுத்தா ஆள் தப்பும். சுணங்காம போங்கோ" என்றார். ஸஹாப்தீன் அப்போது வெளியே நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அது அவன் காதில் விழவில்லை.

வண்டி ஆஸ்பத்திரியை நோக்கித் தெற்கே ஓடியது. இடப்பக்கம் கடல். கும்புறுப்பிட்டி வருவதற்குள் அவள் மூச்சு இறங்கிச் சீராகி, கண் மூடிவிட்டது. சிவகுரு அப்போதுதான் முதுகைச் சாய்த்தார். எத்தனையோ பேரைக் காப்பாற்றின வண்டி இவளையும் காப்பாற்றிவிடும் என்று நினைத்தார். சன்னல் திறந்தது.

"அண்ணன், ஆள் எப்படி?"

"நித்திரை" என்றார்.

அந்தப் பாழாய்ப்போன குரலில் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம் இருந்திருக்கக்கூடாதா? சன்னல் மெல்ல மூடிக்கொண்டது. முன்னால் ஸஹாப்தீன் தோளில் கண்ணைத் துடைத்ததை அவர் காணவில்லை. அவள் கையைப் பிடித்தபடியே அவர் தலை சாய்ந்தது. இரண்டு நாள் நித்திரையும் சேர்ந்து அவரை அமுக்கிவிட்டது.

பெண்கள் ஓலமிடுகிற சத்தத்தில்தான் விழித்தார். கதவு திறந்திருந்தது. எதிரே அவருடைய வீட்டு வேலி, அவருடைய கிணறு. திரியாய். அயலட்டைச் சனம் முழுக்க வண்டியைச் சுற்றி நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தது.

அன்னலட்சுமி கண்ணைத் திறந்தாள்.

"இஞ்சாருங்கோ, ஏன் அழுகினம்? ஆர் செத்தது?"

ஓலம் அப்படியே நின்றது. ஸஹாப்தீன் கதவைப் பிடித்தபடி நின்றான். அவன் முகத்தில் இரத்தமில்லை.

"நீங்கதானே அண்ணன் நித்திரை எண்டீங்க?"

"ஓம்" என்றார் சிவகுரு. "நித்திரைதான் கொண்டவ."

அவனை ஏசவில்லை. ஏசுவதற்கு என்ன இருக்கிறது? அந்தச் சொல்லை அவனுக்குப் பழக்கிக் கொடுத்ததே அவர்தான். ஸஹாப்தீன் ஓடிப்போய் வண்டியை எடுத்தான். வந்த வழியெல்லாம் மறுபடி, முதலிலிருந்து. குச்சவெளி தாண்டும்போதே ஊசியின் வேகம் விட்டு, அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று ஒருமுறை கேட்டாள். கொஞ்சம்தான் என்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

நிலாவெளிக்குக் கிட்ட அவள் விரல்கள் தளர்ந்தன. சிவகுருவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்தார், வேட்டி நுனியால் அவள் வாயைத் துடைத்தார், கண்ணை மூடிவிட்டார். பாதையில் பிணங்களோடு கதைத்துப் பழகிய வாய், கேட்காமலே தொடங்கியது. "இந்தா, நிலாவெளி வந்திட்டுது அன்னம். இன்னும் கொஞ்சத் தூரம்தான்." தன் குரலைத் தானே கேட்டு, வாயை மூடிக்கொண்டார்.

சன்னல் திறந்தது. இந்த முறை ஸஹாப்தீன் கண்ணாடியில் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஆள் எப்படி, அண்ணன்?"

நித்திரை என்றால் வீட்டுக்குப் போகலாம். வெட்டமாட்டார்கள். அந்த வேலியடியில் அதே பெண்கள் விட்ட இடத்திலிருந்து அழுவார்கள். சிவகுரு வாயைத் திறந்தார். அந்தச் சொல் வரவில்லை.

"முழிச்சிருக்கிறா" என்றார்.

ஸஹாப்தீன் "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். ஹோர்னை விடாமல் அமுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியை நோக்கி விட்டான்.