கேப்டனின் கோணல் கப்பல்

என் வீட்டுக்காரரைத் தெருவே ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிடும். கேப்டன் கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. கல்யாணமான புதிதில் ஒருமுறை படகில் ஏறினோம். கரை மறைவதற்குள் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. அதற்கப்புறம் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

பிழைப்புக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் கப்பல். இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன்னால் காற்றை நம்பி ஓடிய பாய்மரக் கப்பல்களை, வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து, முழ நீளத்துக்குச் சுருக்கி மரத்தில் செய்வார். எதற்கு என்று கேட்டால் சிரிப்பார், அவ்வளவுதான்.

அதற்கெல்லாம் தண்டம் கட்டியவள் நான். பட்டை பட்டையாகச் சீவிய மரத்தை, வளைத்துக் கப்பலின் பக்கங்களில் ஒட்டுவதற்கு முன், ஊறப்போடுவது என் பால் பாத்திரத்தில். ஒட்டிய பட்டை காயும்வரை விலகாமல் பிடித்துக்கொண்டிருப்பவை என் துணி கிளிப்புகள். ஈரத்துணியோடு நின்று கத்துவேன்.

“ஏங்க, கிளிப்பெல்லாம் எங்க?”

“ரெண்டு மணி நேரம் பொறு. பசை காயட்டும்.”

“அதுவரைக்கும் துணியை நானே பிடிச்சுக்கிட்டு நிக்கவா?”

“நில்லேன். காத்து நல்லா அடிக்குது, பாய் விரிச்ச மாதிரி இருக்கும்.”

கோபமாகத் திரும்பிப்போய், கொடிக்குப் பின்னால் நின்று சிரிப்பேன். அந்தச் சண்டைக்கு இப்போது ஏங்குகிறேன்.

ஆனால் சிரிக்க முடியாத சண்டை ஒன்றும் இருந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், வயிற்றில் ஆபரேஷன் என்று எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிழைப்பேனா என்று டாக்டர்களே இழுத்துப் பேசினார்கள். இவர் பார்வை நேரத்துக்கு வருவார். “சாப்பிட்டியா?” என்பார். அரை மணி நேரம் பிடித்துவைத்த பொம்மைபோல உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார். வீடு திரும்பிய அன்று பார்த்தேன்: மேசைமேல் புதுக் கப்பல், அதன் ஒரு பக்கம் முழுக்கப் பட்டை ஒட்டி முடிந்திருந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

“நான் அங்க செத்துப் பிழைக்கிறேன், நீங்க இங்க கப்பல் கட்டிக்கிட்டிருந்தீங்களா?”

கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதற்கப்புறம் எந்தச் சண்டையிலும் கடைசியில் இதைத்தான் எடுத்துப் போடுவேன். அவர் வாயடைத்துப் போவார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

அவர் போய் ஒரு வருஷமாகிவிட்டது. போன மாதம் வீட்டைக் காலி செய்து மகளிடம் போக வேண்டியிருந்தது. அவள் வீட்டில் ஒரே ஒரு கப்பலுக்குத்தான் இடம். மூன்று பாய்மரம் வைத்த பெரியதை எனக்கென்று எடுத்துவைத்தேன். மிச்சத்தை எடுத்துப்போக அவருடைய சிநேகிதர் பல் டாக்டர் வந்தார். அவரும் ஒரு கப்பல் பைத்தியம்தான். ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றினார். அந்த ஆஸ்பத்திரிக் கப்பலை மட்டும் நான் ஒதுக்கித் தள்ளினேன்.

“அது குப்பைக்கு, டாக்டர். பாருங்க, வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு கிடக்கு.”

டாக்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “அண்ணி, இது அண்ணன் செஞ்சதா இருக்காது.”

“பின்னே, நானா செஞ்சேன்?”

“இடது பக்கம் ஒரு பட்டை ஒட்டினா, அடுத்தது வலது பக்கம் ஒட்டணும். கப்பல் செய்றவங்களுக்கு அரிச்சுவடியே அதுதான். ஒரே பக்கமா ஒட்டிக்கிட்டே போனா, காயக் காய இழுத்து மொத்தக் கப்பலும் வளைஞ்சிடும். அண்ணன் தூக்கத்துலகூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டாரே.”

ஒட்டும் முன் பட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுவது என் வீட்டுக்காரர் வழக்கம். டாக்டர் பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து, மேல்தளத்து ஓட்டை வழியாக உள்ளே விட்டு டார்ச் அடித்தார்.

“இடது பக்கம் பூரா பதினாலுல ஆரம்பிச்சு இருபத்தொண்ணு வரைக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு ரெண்டா. வலது பக்கம் இருபத்திரண்டாம் தேதிக்கு அப்புறம்தான். அந்த எட்டு நாள் என்னாச்சு அண்ணி அவருக்கு?”

பதினாலாம் தேதி என்னைச் சேர்த்தார்கள். இருபத்திரண்டாம் தேதி வீட்டுக்கு வந்தேன்.

ஒதுக்கித் தள்ளிய கப்பலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கை அதுபாட்டுக்கு ஒட்டிக்கொண்டே போயிருக்கிறது. என்ன செய்கிறோம் என்ற நினைவே அவருக்கு இருக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்தபிறகுதான் வலது பக்கமே கண்ணில் பட்டிருக்கிறது. அந்த மனுஷரையா இத்தனை வருஷம் குத்திக் காட்டினேன்?

பெரிய கப்பலை டாக்டரிடமே கொடுத்துவிட்டேன். கோணல் கப்பல் இப்போது மகள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நேராக நிற்காது, ஒரு துணி கிளிப்பை முட்டுக் கொடுத்திருக்கிறேன். தூசி தட்டும்போதெல்லாம் அதனோடு சண்டைதான்.

“நான் அத்தனை தடவை கேட்டேனே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயிலேருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?”